ஒரு நூல் வாட்டம்

மாதேஷ்,

வியாழக்கிழமை உன் புது வீட்டுக்கு ஆசாரி வருகிறார் என்று உங்கம்மா சொன்னாள். அதற்குள் இது உன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்பதால் கூரியரில் போடுகிறேன். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஏறினால் பெங்களூர் மடிவாளா ஒரு மணி நேரம். நேரில் வந்து சொல்லிவிட்டுத் திரும்பினாலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். போனில் சொல்வது அதைவிடச் சுலபம். ஆனால் போனில் நீ "சாப்ட்டியாப்பா?" என்கிறாய், நான் "ஆச்சுப்பா" என்கிறேன், உடனே போனை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். ஏழு மாதமாக இந்த இரண்டு வார்த்தையை வைத்துத்தான் அப்பனும் மகனும் காலம் தள்ளுகிறோம்.

போன வாரம் நீ ஹாலைக் கிளாஸுக்குத் தயார் பண்ணப்போவதாகச் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். "நான் வந்து தரை போட்டுத் தரட்டுமான்னு கேளு" என்று அம்மாவை இடித்தேன். அவள் கேட்டாள். "வேணாம்மா, ஆளு பாத்துட்டேன்" என்றாய். நீ சத்தமாகச் சொல்லவில்லை, இருந்தாலும் எனக்கு இந்தப் பக்கம் கேட்டது. உன்மேல் தப்பில்லை. ஏன் வேண்டாம் என்றாய் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அதைப் பற்றி நாம் ஒரு நாளும் பேசவில்லை. நான் படித்தது ஐ.டி.ஐ. பிட்டர். என் வாழ்நாளில் எழுதியதெல்லாம் லீவு லெட்டரும் ஒரு மெமோவுக்குப் பதிலும்தான். இதுவும் மெமோவுக்குப் பதில் மாதிரிதான் இருக்கும். பொறுத்துக்கொள்.

உன் முதுகிலிருந்து ஆரம்பிக்கிறேன். பிளஸ் டூ முடித்துவிட்டு உடற்கல்விக் கல்லூரிக்குப் போகிறேன் என்றாய். "ஓடி விளையாடறதுக்கு ஒரு படிப்பாடா?" என்று நான்தான் தடுத்தேன். மேனேஜர் வீட்டு வாசலில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நின்று உன்னை எங்கள் கம்பெனியில் டிரெயினியாகச் சேர்த்தேன். பிரேக் டிரம் தூக்கிப் போடும் வேலை. நாலாவது மாதம் முதுகு வலிக்கிறது என்றாய். கேன்டீனில் பத்துப் பேர் முன்னால் நான் சொன்னது உனக்கு மறந்திருக்காது: "பதினெட்டு வயசு ஆம்பளப் பையனுக்கு என்னடா முதுகு வலி? வேல செய்ய வலிக்குதுன்னு சொல்லு." பத்துப் பேரும் சிரித்தார்கள். நீயும் சிரித்த மாதிரிதான் இருந்தது. அடுத்த பதினைந்தாம் நாள் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்க முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நானும் டிரைவருமாகத் தூக்கி இறக்கினோம். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

பெங்களூரில் அந்த உடற்பயிற்சி நிலையத்தில்தான் உன்னை எழுப்பி உட்கார வைத்தார்கள். வைத்தியத்துக்குப் போனவன் அங்கேயே பாய் விரிக்கிற வேலைக்குச் சேர்ந்தாய், பிறகு சொல்லிக்கொடுக்கவே கற்றுக்கொண்டு சர்டிபிகேட் வாங்கினாய். நான் சேர்த்துவிட்ட இடத்தில் உடைந்ததை நீயே ஒட்டிக்கொண்டாய் என்று இன்றைக்கு எழுத வருகிறது. அன்றைக்கு எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: பையன் பர்மனென்ட் ஆகப்போகிற வேலையை விட்டுவிட்டானே.

பிராட்பேண்ட் இணைப்பு வந்த புதிதில் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாய். பெங்களூரில் என்னிடம் கற்றுக்கொண்டவர்களில் சிலர் வெளிநாடு போய்விட்டார்கள், அவர்களுக்கு நம் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் கிளாஸ் எடுக்கப்போகிறேன் என்று.

"எப்பிடி எடுப்ப?"

"கேமரா முன்னாடி பாய் போட்டுத்தான்பா."

"படுத்துக்கிட்டா?"

"பாதி நேரம் படுத்துக்கிட்டு."

"அதுக்குக் காசு குடுக்கறாங்களா? எங்க கம்பெனில அதுக்கு மெமோ குடுப்பாங்கடா."

உங்கம்மாவுக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. அந்த மெமோ கதை அவளுக்குத் தெரியும். இருபத்தாறு வருஷ சர்வீஸில் எனக்கு வந்த ஒரே மெமோ: "மேற்படி தொழிலாளி பணி நேரத்தில் இயந்திரத்தின் பின்புறம் படுத்த நிலையில் காணப்பட்டார்." நட்டு உருண்டு உள்ளே போய்விட்டது, தேடினேன் என்று பதில் எழுதினேன். "நட்டு தேடறதுக்கு வேஸ்ட் துணிய சுருட்டித் தலைக்கு வெச்சிக்கணுமா?" என்று சூப்பர்வைசர் கேட்டார். ஒரு நாள் சம்பளம் போனது. அதிலிருந்து எனக்குப் படுக்கிறவன் என்றாலே குற்றவாளி என்று மண்டைக்குள் ஏறிவிட்டது. பெத்த மகனைக்கூட அந்தக் கண்ணால்தான் பார்த்திருக்கிறேன்.

அந்த வேலையின் பெயரும் என் வாயில் நுழையவில்லை. எதிர்வீட்டு முனிராஜு கேட்டபோது ஏதோ உளறினேன். அவர் காதில் "பைலட்" என்று விழுந்தது. பேளகொண்டப்பள்ளிப் பக்கம் சின்ன விமானம் இறங்குகிற இடம் இருக்கிறதே, அதில் சேர்ந்துவிட்டாய் என்று முடிவு கட்டிவிட்டார். "அங்கியா?" என்றார். "அது மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். ஒரு மாதம் நம் தெருவே உன்னைப் பைலட்டுக்குப் பாடம் எடுக்கிறவன் என்று நினைத்தது. நீ பால் வாங்கப் போனால் முனிராஜு எழுந்து நிற்பார். உனக்குத் தெரிந்ததும், "அப்பா, யாராச்சும் டிக்கெட் கேட்டு வரப்போறாங்க" என்று விழுந்து விழுந்து சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் பார்த்து, இந்த மாதிரிப் பொய்யெல்லாம் உன்னைத் தொடாது என்று நினைத்துவிட்டேன்.

அறை தயார் செய்த நாலு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே மாதேஷ், அவைதான் நாம் இருவரும் சேர்ந்து இருந்த நல்ல நாட்கள். தெருப்பக்கத்து அறையை, நானும் அம்மாவும் படுக்கிற அறையை, உனக்கு விட்டோம். கட்டிலையும் பீரோவையும் வெளியே எடுத்தோம். நீ நீலக் கலரில் ஒரு பெரிய பந்தை ஊதி நடு அறையில் வைத்தாய். அது நிற்கவில்லை, தானாக உருண்டு வாசற்படியில் போய் நின்றது. மறுபடி வைத்தாய், மறுபடி போனது. "நம்ம வூட்டுல இருக்கறதுக்கு அதுக்கே புடிக்கல" என்றாள் உங்கம்மா. கழுவிவிட்டால் தண்ணீர் வெளியே ஓட வேண்டும் என்று கொத்தனார் வாட்டம் விட்டுத்தான் தரை போட்டிருந்தார். "இதுல படுத்தா எனக்கே இடுப்பு ஒரு பக்கம் சாயுதுப்பா. நானே கோணலா படுத்துக்கிட்டு அவங்கள நேரா படுங்கன்னு எப்பிடிச் சொல்றது?" என்றாய்.

எனக்குத் தெரிந்த பாஷையில் நீ பேசிய முதல் வார்த்தை அது. மட்டம் பார்க்க ரசமட்டத்தை எடுத்தேன். பன்னிரண்டு அடியில் ஒன்றேகால் அங்குலம் வாட்டம், எங்கள் கணக்கில் பத்து நூல். ரீப்பர் கட்டை அடித்து, பள்ளமான பக்கம் எண்ணெய் டின் தகரத்தை வெட்டி வெட்டி அடியில் கொடுத்து, மேலே பிளைவுட் பலகை போட்டோம். கையைத் தலைக்கு மேல் நீட்டினால் நீ எட்டடி. அறைக்குள் உன் முழு உடம்பும் கேமராவில் தெரிய வேண்டுமானால் மூலைக்கு மூலை படுத்தால்தான் முடியும். மூலைக்கு மூலை போட்டதும் உங்கம்மா வந்து நின்றாள். "வடக்க தல வருதே. வடக்க தல வெச்சிப் படுக்கறவன் வெளங்குவானா?" இது தூக்கம் இல்லை, எக்சசைஸ் என்று நீ எவ்வளவோ சொன்னாய். "படுத்தா படுத்ததுதான்" என்றாள். அதில் அவளும் என் கட்சி. மொத்தத்தையும் பிரித்து மறு மூலைக்குத் திருப்பினோம். ஸ்கிராப் ஆங்கிள் இரும்பில் கம்ப்யூட்டருக்கு ஒரு ஸ்டாண்டு அடித்தேன். கிளாஸ் நேரத்தில் விசில் கேட்கக் கூடாது என்று அம்மா குக்கரை மேலே தூக்கி வைத்துவிட்டுச் சோறு வடிக்க ஆரம்பித்தாள். கரண்ட் கட்டுக்காக லாரி பேட்டரி ஒன்று வந்தது.

கடைசி ஞாயிறு ரசமட்டத்தை எட்டு இடத்தில் வைத்துப் பார்த்தேன். எட்டிலும் குமிழி நடுவில் நின்றது. நீ படுத்து, கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "ஒரு நூல்கூட வாட்டம் இல்லப்பா" என்றாய். அன்றைக்கு நான் இரண்டு தடவை டீ குடித்தேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கிளாஸ் ஆரம்பித்ததும் நான் வேறு ஆளாகிவிட்டேன். ஜன்னலுக்குத் திரை போட்டேன். யாராவது வந்தால் "பையன் வெளிய போயிருக்கான்" என்று வாசலிலேயே பேசி அனுப்பினேன். அரைக்கால் டவுசரில் காலைத் தூக்கிக்கொண்டு என் மகன் படுத்திருப்பதை, அதுவும் சிங்கப்பூரில் மூன்று பெண்கள் பார்க்கப் படுத்திருப்பதை, ஊர் பார்த்தால் என் மானம் போய்விடும் என்று நினைத்தேன். ஒவ்வொரு தடவை திரையை இழுக்கும்போதும் நீ என்னைப் பார்த்தாய். தரையில் ஒரு நூல் வாட்டம் இருந்தால் கண்டுபிடிக்கிறவனுக்கு உன் முகத்து வாட்டம் தெரியாமல் போனது.

பிறகு அந்தச் சனிக்கிழமை. காவேரிப்பட்டினத்திலிருந்து உன் அத்தை ஒரு இடம் சொல்லியிருந்தாள். பெண்ணின் அப்பாவுக்கு மாந்தோப்பு. உன்னைப் பற்றி என் அக்காவிடமே நான் "பெங்களூர் கம்பெனில டிரெயினர்" என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பேச்சு. ஞாயிறு நாள் நன்றாக இல்லை என்று ஒரு நாள் முன்னதாகவே வந்து இறங்கிவிட்டார்கள்: அத்தை, பெண்ணின் அப்பா, அவருடைய மச்சான். நீ உள்ளே சிங்கப்பூர்க்காரர்களுக்குக் கிளாஸ் எடுத்துக்கொண்டிருந்தாய். நான் ஹாலில் நாற்காலி போட்டேன். நடுவில் ஒரு கதவு, அதுவும் சரியாகச் சாத்தாத கதவு. அதைச் சரி செய்ய எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கவில்லை.

உன் குரல் கேட்டது. மூச்சை இழு, விடு என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தாய்.

"உள்ள யாருங்க?" என்றார் பெண்ணின் அப்பா.

"அதுங்களா? ரூம வாடகைக்கு வுட்டிருக்குதுங்க. தெரிஞ்ச பையன் ஒருத்தன். கம்ப்யூட்டர்ல ஏதோ எக்சசைஸ் சொல்லிக் குடுக்கறான்."

யோசித்துச் சொன்னது இல்லை மாதேஷ். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. யோசிக்காமலே அவ்வளவு சரளமாக வந்தது.

அதற்குப் பிறகும் எனக்கு ஒரு வழி இருந்தது. அந்த மனுஷன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, "முதுகு வலிக்கெல்லாம் சொல்லித் தருவாருங்களா? மாங்காக் கூட தூக்கித் தூக்கி எனக்கு அஞ்சு வருசமா நிமிர முடியலீங்க. தம்பியக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்" என்றார். கடவுளே வந்து வாயில் ஊட்டிவிட்ட மாதிரிதான். அது என் மகன்தாங்க, என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? "கேட்டுச் சொல்றேங்க" என்றேன். மச்சான்காரர் சிரித்தார். "பெங்களூர்க்காரனுங்க படுத்துக்கிட்டே சம்பாதிக்கறானுங்கப்பா." நானும் கூடச் சேர்ந்து சிரித்து, "நம்ம புள்ளைங்களுக்கு அதெல்லாம் வராதுங்க" என்றேன்.

உள்ளே உன் குரல் நின்றது. நாலு மூச்சு விடுகிற நேரம் இருக்கும். பிறகு மறுபடி எண்ண ஆரம்பித்தாய். கிளாஸ் முடிய இன்னும் கால் மணி நேரம் இருந்தது, அதை ஒரு நிமிஷம் குறைக்காமல் எடுத்து முடித்தாய். அவர்கள் சம்பந்தம் பேசி முடிக்காமல் கை நனைக்கக் கூடாது என்று தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். நீ பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாய்.

"வாடகை எவ்ளோப்பா? நீ சொல்லவேயில்ல."

"இல்ல கண்ணு, வந்தவங்க முன்னாடி எப்பிடி…"

"எப்பிடின்னா?"

நான் நாற்காலிகளை எடுத்து உள்ளே வைக்கப் போனேன். சமையலறையிலிருந்து உங்கம்மா வந்தாள். ரொம்பக் கோபம் வந்தால் அவளுக்குப் பிறந்த ஊரான தளியின் கன்னடம்தானே வரும். "யாக்ரீ ஹீகே மாடிதிரி?" என்றாள். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று. என்னிடம் பதில் எந்த பாஷையிலும் இல்லை.

பதினைந்து நாளில் நீ பெங்களூருக்குப் போய்விட்டாய். சண்டை போடவில்லை. கால் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போனாய். சண்டை போட்டிருந்தால் எனக்குச் சமாதானம் பேசத் தெரியும். கம்பெனி யூனியனில் எனக்கு அதுதானே வேலை.

நீ போன பிறகு ஒரு நாள் வீட்டு போனுக்கு ஒரு அழைப்பு வந்தது. நம்மூரில் கரண்ட் போனால் பேச என்று இந்த நம்பரை நீ கொடுத்திருந்தாயாம். "சிங்கப்பூர்லேர்ந்து பேசறேங்க. மாதேஷ் சார் இருக்காரா?" என்றார் அந்த அம்மா. பெங்களூரில் இருக்கிறாய் என்றேன். "நீங்க அவரோட அப்பாவா?" "ஆமாங்க." "தரை போட்டுக் குடுத்த அப்பாதானே?" என்றார்.

சொந்த ஊர் நாமக்கல்லாம். கூட இருந்த இரண்டு பேருக்குத் தமிழ் தெரியாது, இவருக்குத் தெரியும். அந்தச் சனிக்கிழமை ஹாலில் நான் பேசியது முழுக்க கம்ப்யூட்டர் வழியாக அங்கே போயிருக்கிறது. அதற்காக என்னைத் திட்டவில்லை. இதை மட்டும் சொன்னார்: "மொத கிளாஸ் அன்னிக்கு கம்ப்யூட்டரத் தூக்கி எங்களுக்குத் தரையக் காட்டினாருங்க. எங்கப்பா போட்டது, ஒரு நூல்கூட வாட்டம் கிடையாதுன்னாரு. மத்த ரெண்டு பேருக்கும் நூல்னா என்னான்னு இங்கிலீஷ்ல சொல்லத் தெரியாம ரெண்டு விரல வெச்சிக் காட்டினாரு. புதுசா யாரு சேந்தாலும் மொதல்ல தரையத்தான் காட்டுவாரு." உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சொல்லிவிட்டேன். இதற்கும் சேர்த்து எனக்கு மெமோ கொடு.

போனை வைத்துவிட்டு அந்த அறையில் போய் உட்கார்ந்தேன். முகம் தெரியாத ஊரில், முகம் தெரியாதவர்களிடம் நீ என்னை அப்பா என்று காட்டியிருக்கிறாய். என் வீட்டு ஹாலில், என் அக்கா முன்னால், நான் உன்னைத் தெரிந்த பையன் என்று சொல்லியிருக்கிறேன். இதை எத்தனை தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் வேறு மாதிரி வரவில்லை.

அக்காவுக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். "கொரலு தெரியாதாடா எனக்கு? என் இடுப்புல ஒக்காந்து வளந்த புள்ள அவன்" என்றாள். "அப்ப நீ ஏங்க்கா அங்கியே சொல்லல?" என்றேன். "அப்பனே இல்லைங்கறப்ப அத்தைக்காரி என்னத்தச் சொல்றது?" அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டது. பெண்ணின் அப்பா மட்டும் இன்னமும் அக்காவிடம் அந்த வாடகைப் பையன் நம்பர் கேட்கிறாராம். முதுகு சரியாகவில்லை போல. இவரிடம் மறைக்கத்தான் அவ்வளவு பாடுபட்டேன்.

இப்போது பெயரைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொண்டேன். பிலாட்டிஸ். முனிராஜுவைக் கூப்பிட்டு விளக்கமாகச் சொன்னேன்: என் மகன் பாய் போட்டுப் படுத்துச் சொல்லிக்கொடுக்கிறான், நிமிர முடியாதவர்கள் நிமிர்கிறார்கள் என்று. பைலட் போய்விட்டதில் அவருக்குத்தான் பாவம் முகம் விழுந்துவிட்டது. அப்பன் என்ற முறையில் புத்திமதி சொல்ல எனக்கு யோக்கியதை மிச்சம் இருந்தால் இது ஒன்றுதான் சொல்வேன்: நாளைக்கு உன் பிள்ளை வந்து, நீ கேள்விப்படாத ஒரு வேலையைச் சொன்னால், நல்லதா கெட்டதா என்று அப்புறம் பார். முதலில் அதன் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகு. அந்தப் பிள்ளை முன்னால் நாலு தடவை சொல்லிப் பார்.

போன ஞாயிற்றுக்கிழமை, பையில் ரசமட்டத்தையும் ரம்பத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். நீ வேண்டாம் என்றாலும் வாசலில் போய் நின்றால் உள்ளே கூப்பிடாமலா இருப்பாய் என்று ஒரு கணக்கு. உங்கம்மா செருப்பை எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள். "கூப்புடறதும் கூப்புடாததும் அவன் இஷ்டமா இருக்கட்டும். அதையும் நீங்களே முடிவு பண்ணாதீங்க" என்றாள். அவள் சொன்னது சரி. அதனால் நான் வரவில்லை, இது வருகிறது.

ஆசாரியிடம் இதைச் சொல். அடுக்குமாடி வீடென்றாலும் தரையில் வாட்டம் இருக்கும், பால்கனிப் பக்கம் சாயும். கண்ணால் பார்த்து முடிவு செய்ய விடாதே. நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை, மூலைக்கு மூலை ஒரு தடவை மட்டம் பார்க்கச் சொல். ரீப்பருக்கு ரீப்பர் ஒரு அடிக்கு மேல் விடக் கூடாது, விட்டால் நீ முழங்கால் போடும்போது பலகை தொய்யும். பலகை முக்கால் அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். ஆணி அடிக்க வேண்டாம், ஸ்குரூ போடு. தலை உள்ளே இறங்க வேண்டும், இல்லாவிட்டால் பாய் கிழியும். சுவரை ஒட்டி அரை அங்குலம் இடம் விடு, மழைக்காலத்தில் பலகை உப்பும். பள்ளமான இடத்துக்கு மரச்சீவல் வைப்பார்கள், விடாதே, நாளானால் நசுங்கிவிடும். தகரம்தான் வைக்க வேண்டும். தலை எந்தப் பக்கம் என்பதை அம்மாவைக் கேட்டுக்கொள்.

இத்தனை நுணுக்கம் யாருங்க எழுதிக் கொடுத்தது என்று ஆசாரி கேட்பார். கண்டிப்பாகக் கேட்பார், தொழிலாளிக்குத் தொழிலாளியைத் தெரியும். தெரிஞ்ச பிட்டர் ஒருத்தர் என்று சொல்லிவிடு கண்ணு. எனக்கு அது போதும்.